மடங்காத முழங்கால்

நடைப் பகுப்பாய்வுக் கூடத்தில் நான் சேர்ந்த புதிதில் சீனியர் ஒருவர் சொன்னார்: "ஃபோர்ஸ் பிளேட் எங்கே இருக்கிறதென்று நோயாளியிடம் மூச்சு விடாதே." தரையோடு தரையாகப் பதித்த அந்தத் தகடு, ஊன்றும் காலின் விசையை அளப்பது. இடம் தெரிந்துவிட்டால் அதில் மிதிக்க வேண்டுமே என்று எட்டை நீட்டியோ குறுக்கியோ வைப்பார்கள். அப்புறம் பதிவாவது அவர்கள் நடையே இல்லை.

கேமரா முன்னால் பலரும் நன்றாகத்தான் நடக்கிறார்கள். அதனால் நான் முதலில் செருப்பைப் பார்ப்பேன்.

பக்கவாதத்திற்குப் பிறகு வந்த ஒருவருக்கு இடது செருப்பின் நுனி மட்டும் தேய்ந்து ஓட்டையாகும் நிலையில் இருந்தது. தூக்கி வைக்கும்போது முழங்கால் மடங்கவில்லை. காலை விறைப்பாக வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு முன்னால் கொண்டுவருவார். அதற்காக இடுப்பையும் ஏற்றுவார். முழங்காலை நிலைநிறுத்த வலு போதவில்லை என்று நினைத்து, தொடை முன்பக்கத்துக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்தேன். வலு கூடியது. அரைவட்டம் அப்படியே இருந்தது.

சரி, அளந்தே பார்ப்போம் என்று கூடத்துக்கு அழைத்தேன். மூட்டுகளில் கேமரா அசைவைப் பின்தொடர மார்க்கர்கள், தசைகளின் மேல் அவை எப்போது வேலை செய்கின்றன என்று மின்துடிப்பைக் கோடாகக் காட்டும் ஈஎம்ஜி மின்முனைகள். சாதாரண நடையில் ஒரு சுழற்சியின் ஏறக்குறைய 60 சதவீதம் கால் தரையில் ஊன்றியிருக்கும், மீதி 40 சதவீதம் அந்தரத்தில் வீசும். அந்த வீச்சில் முழங்கால் 60 பாகை வரை மடங்கும். இவருக்கு 25-ஐத் தாண்டவில்லை.

முழங்கால் மடங்காமல் போக ஒரே காரணம்தான் என்றில்லை. கணுக்கால் பின்னாலிருந்து உந்தித் தள்ளாமல் இருக்கலாம், இடுப்பு தொடையை வேகமாக முன்னிழுக்காமல் இருக்கலாம், முன்தொடைத் தசையே விடாமல் பிடித்துவைத்திருக்கலாம். மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். வெறுங்கண்ணால் பிரித்துச் சொல்கிறேன் என்பவர்களை நான் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

திரையில் பதில் இருந்தது. இடுப்பையும் முழங்காலையும் தாண்டி ஓடும் முன்தொடைத் தசையான ரெக்டஸ் ஃபெமோரிஸ், கால் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் கொஞ்சம் வேலை செய்துவிட்டு ஓய வேண்டும். இவருக்கு நடுவீச்சு முழுக்கக் கோடு அடர்த்தியாகத் துடித்துக்கொண்டே இருந்தது. நான் ஆறு வாரம் வலுவூட்டியதும் அந்தப் பக்கத்தைத்தான். அதனால் கெட்டுப்போயிற்று என்று சொல்ல முடியாது; ஆனால் சிக்கல் வலுக்குறைவு இல்லை, தசை ஓயாததுதான்; பூட்டு ஒரு கதவில், நான் தட்டியது வேறு கதவை. அவரிடமே சொன்னேன். "பரவாயில்லை சார், கால் பலமாச்சே" என்றார். எனக்குத்தான் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

மருத்துவர் அந்தத் தசையில் அதைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி போட்டார். அதன் பலன் சில மாதங்கள்தான் நிற்கும். அந்த இடைவெளியில் உந்தித் தள்ளவும் மடக்கவும் பழக்கினோம். மறுபதிவில் 38 பாகை. பெரிய எண் இல்லை. ஆனாலும் செருப்பு நுனி தரையைத் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

பதிவு முடிந்து அவர் கிளம்பியபோது கதவோரம் நின்று பார்த்தேன். கேமரா இல்லாத நீண்ட நடைபாதை, பத்து எட்டு ஒழுங்காகப் போனார். போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே நடந்தார், மூன்றாவது எட்டில் 'சரக்' என்றது. நின்றுவிட்டார். பேசி முடித்து, போனைப் பையில் போட்டுவிட்டுத்தான் மறுபடி நடந்தார். அடுத்த வாரப் பயிற்சித் தாளில் எழுதிவைத்தேன்: பேசிக்கொண்டே நடப்பது.