தோட்டத்து வீட்டுக்கு வராத தபாலும் தபால் துறைக்கு எழுத வேண்டிய புகாரும்

தபால் வரவில்லையென்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வது, தபால்காரரை வழியில் நிறுத்திக் கேட்பதும், அவர் "எனக்கு வரலீங்களே" என்று சொன்னதும் அத்துடன் விட்டுவிடுவதும்தான். அவரோ கிளை அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் கிராம அஞ்சல் ஊழியர். பதிவு செய்த அலுவலகம், பிரித்து அனுப்பும் இடம், துணை அஞ்சலகம் எல்லாம் தாண்டி அவர் பைக்கு வந்து சேராத உறைக்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அலுவலகம். அதுவும் எழுத்தில், பொறுப்புள்ள அதிகாரிக்கு, ஒரே ஒரு தெளிவான கோரிக்கையுடன் கேட்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கொங்கு நாட்டில் தபால் வழிதவறுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. காங்கேயம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி என எந்தப் பக்கம் போனாலும் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்போர் ஏராளம். ஊராட்சி கொடுத்த கதவு எண் வரி ரசீதில் மட்டும்தான் இருக்கும். ஊரார் அறிந்தது பள்ளக்காட்டுத் தோட்டம், மேக்காலத் தோட்டம் என்ற பெயரைத்தான். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே கிராமத்தில் நான்கைந்து பழனிசாமிகளும் பொன்னுசாமிகளும் இருப்பார்கள். வெளியூரில் அச்சடித்து ஒட்டும் முகவரியில் தோட்டத்தின் பெயர் விடுபட்டுவிட்டால், "முகவரி போதாது" என்ற குறிப்போடு உறை திரும்பிப் போகும். இல்லையென்றால் வேறொருவர் கைக்குப் போய்ச் சேரும்.

எங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. சென்னையிலிருக்கும் சித்தப்பா, நிலம் தொடர்பான பத்திரத்தின் சான்றிட்ட நகலை எங்கள் அப்பாரு (தாத்தா) பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருந்தார். உறை வரவே இல்லை. இணையதளத்தில் மட்டும் அது ஒப்படைக்கப்பட்டுவிட்டதாக இருந்தது. துணை அஞ்சலகத்திற்கு நேரில் போய்க் கேட்டதற்கு, "சிஸ்டத்துல டெலிவரி ஆயிருச்சுங்க, இனி நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார்கள். அதன் பிறகு அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் யாரையும் குற்றம் சாட்டவில்லை. உறையைப் பெற்றுக்கொண்டவர் போட்ட கையொப்பத்தின் நகல் வேண்டும் என்று மட்டுமே கேட்டிருந்தேன். வந்த நகலில் ஆங்கிலத்தில் சுழித்துப் போட்ட கையொப்பம் இருந்தது. எங்கள் அப்பாரு தன் முழுப்பெயரையும் தமிழில் ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிதானமாக எழுதுபவர். அந்த ஒரு தாளை வைத்தே விசாரணை நடந்து, பக்கத்துக் கிராமத்தில் அதே பெயருள்ள இன்னொருவர் வீட்டிலிருந்து உறை மீட்கப்பட்டது. "எங்கள் தபால் எங்கே?" என்று பொதுவாகக் கேட்டிருந்தால், "விசாரித்ததில் ஒப்படைக்கப்பட்டது தெரியவருகிறது" என்ற ஒரு வரிப் பதிலோடு விஷயம் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்பீடு போஸ்ட் எண் பதின்மூன்று இடங்கள் கொண்டது: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் ஐ, என் என்னும் இரண்டு எழுத்து. இதில் ஓர் இலக்கம் மாறினாலும் வேறு யாருடைய உறையையோ தேடுவார்கள். பதிவு செய்த நாள், பதிவு செய்த அலுவலகம், அனுப்புநர் மற்றும் பெறுநரின் முழு முகவரி, பின்கோடு, கட்டிய தொகை ஆகிய அனைத்தும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். ரசீதை வாங்கியவுடன் கைபேசியில் படம் எடுத்து வைப்பது மிக அவசியம், ஏனென்றால் அந்த வழவழப்பான தாளில் உள்ள எழுத்து வெயில் பட்டால் சில மாதங்களில் மங்கிவிடும். இணையதளத்தில் தெரியும் நிலவரத்தையும் அன்றைக்கே படம் பிடித்து இணைத்துவிடுங்கள்.

இலவசத் தொலைபேசி எண் 1800 266 6868. அதில் பேசிப் புகார் எண் வாங்கிக்கொள்வது நல்ல தொடக்கம்தான், ஆனால் அத்தோடு நின்றுவிடக் கூடாது. உள்ளூர் அஞ்சலகத்திற்கு மேல் கோட்டக் கண்காணிப்பாளர், அவருக்கு மேல் கோவையிலுள்ள மேற்கு மண்டல அஞ்சல்துறைத் தலைவர், அவருக்கும் மேல் சென்னையில் தமிழ்நாடு அஞ்சல் வட்டத்தின் முதன்மைத் தலைவர் என்பதே வரிசை. இதில் ஒரு படியைத் தாண்டி எழுதினால் கடிதம் பெரும்பாலும் கீழேயே திரும்பி வரும். மூன்று மாதத்திற்கொரு முறை நடக்கும் டாக் அதாலத் குறைதீர் முகாமிலும், ஏற்கெனவே புகார் கொடுத்துத் தீராதவற்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முகாம் அறிவிப்பு நாளிதழில் ஒரு சிறிய பெட்டிச் செய்தியாக வரும். அதைப் பலரும் படிக்காமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்திலும் தபால் துறை மீது புகார் பதியலாம். 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி 21 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், புகாரை முடித்து வைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆவணம்தான் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வாங்கி விண்ணப்பித்தால் 30 நாட்களில் பதில் தர வேண்டும்.

இழப்பீடு குறித்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். 1898ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக வந்த அஞ்சலகச் சட்டம், 2023 என்பது 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. விதிகளில் வகுக்கப்பட்ட பொறுப்பைத் தவிர வேறெதையும் துறை ஏற்காது என்று அதன் பத்தாவது பிரிவு சொல்கிறது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டுமே அவர்மீது பொறுப்பு விழும். ஸ்பீடு போஸ்ட் உறை தொலைந்தால் கட்டணத்தைப் போல் இரு மடங்கு அல்லது 1000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்பதுதான் 1999 முதல் நெடுங்காலம் இருந்துவந்த ஏற்பாடு. பத்திர நகலுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ இது எந்த வகையிலும் ஈடாகாது. அதனால் பணம் கேட்டு எழுதுவதைவிட உறையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி, நாட்கள் ஓடிவிடுவதற்குள் எழுதுவதே பயன் தரும்.

முகவரிச் சிக்கலுக்குத் துறையே ஒரு வழியையும் திறந்திருக்கிறது. நாட்டின் நிலப்பரப்பை நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தரும் டிஜிபின் 2025 மே மாதம் வெளியிடப்பட்டது. கதவு எண் யாருக்கும் தெரியாத தோட்டத்து வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை என்று நம்புகிறேன். ஆனால் கையில் உறையோடு வரப்புமேட்டில் நிற்கும் ஊழியருக்கு அந்தக் குறியீடு மட்டும் போதாது. தோட்டத்தின் பெயரும் தகப்பனார் பெயரும் கைபேசி எண்ணும் முகவரியிலேயே இருக்க வேண்டும். ஆகவே தோட்டப் பெயர்களையும் குடியிருப்போர் பெயர்களையும் ஒவ்வொரு கிளை அஞ்சலகத்திலும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கோட்டக் கண்காணிப்பாளருக்குத் தனியே ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதே சிக்கல் உள்ளவர்கள் தங்கள் கோட்டத்திற்கும் இதைக் கேட்டு எழுதுமாறு வேண்டிக்கொள்கிறேன்.