நெருப்பில் குளிரும் ஃபிரிட்ஜ்: கிராண்ட் கேன்யனில் ஒரு பழுதுபார்ப்பு

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் மேதர் கேம்ப்கிரவுண்ட் என்று ஒரு முகாம் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, கொஞ்சம் நடந்தால் பள்ளத்தாக்கின் விளிம்புக்கே போய்விடலாம். எல்க் மான்கள் கூடாரங்களுக்கு இடையே சாவகாசமாக மேய்ந்துகொண்டு போகும். ஆனால் அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டர் ஓட்டவும் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி. எங்களைப்போல ட்ரெய்லரில், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் குட்டி வீட்டில், வருகிறவர்களுக்கு அடுப்பு, வெந்நீர், ஃபிரிட்ஜ் எல்லாமே புரொப்பேன் கேஸை நம்பித்தான்.

ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பும் முன் வீட்டு கரண்டில் ஃபிரிட்ஜைக் குளிரவைத்து, இட்லி மாவு, பால், தயிர், நறுக்கிய காய் என்று நிரப்பியிருந்தேன். வழியில் கேஸுக்கு மாற்றினோம். முகாமுக்கு வந்த மறுநாள் காலை மாவுப் பாத்திரத்தின் மூடி மேலே எழும்பி நின்றது. பால் கெட்டுவிட்டது. உள்ளே தெர்மாமீட்டர் காட்டியது 13 டிகிரி செல்சியஸ். 4 டிகிரிக்கு மேல் போனால் பால், இறைச்சி, சமைத்த சாதம் எதையும் வைத்திருக்கக்கூடாது. ஆனால் பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, பழுது என்று எந்த எச்சரிக்கையும் இல்லை. ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை எல்லாம் நன்றாக இருக்கிறது!

இந்த வகை ஃபிரிட்ஜுக்குள் கம்பிரசர் கிடையாது, மோட்டார் கிடையாது. குளிரவைக்கும் பகுதியில் அசையும் பாகமே இல்லை. 1922-இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்ஸர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது. அடியில் ஒரு சின்னச் சுடர். அது தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைச் சூடாக்கிப் பிரிக்கிறது. ஆவி மேலே ஏறி, பின்பக்கத் தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. அந்தத் திரவம் ஹைட்ரஜன் நிரம்பிய குழாய்க்குள் இறங்கி மறுபடி ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்கே வந்துசேர்கிறது. திரவம் இறங்கி ஓடுவதெல்லாம் புவியீர்ப்பில். எனக்கு இதில் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. நெருப்பு நன்றாக எரிந்தால்தான் ஐஸ் கட்டும்.

"ஃபிரிட்ஜ் போயிடுச்சும்மா. ஐஸ் பெட்டி ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். பக்கத்து இடத்தில் இருந்த பெரியவரும் வந்து பார்த்துவிட்டு, பின்பக்கக் குழாய்த் தொகுதியையே மாற்றவேண்டியிருக்கும் என்றார். அதற்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ட்ரெய்லர்காரர்களிடம் எதைச் சொன்னாலும் முதலில் இந்தப் பதில்தான் வரும். அதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. குழாய்த் தொகுதி போயிருந்தால் கேஸிலும் குளிராது, கரண்டிலும் குளிராது. கரண்டில் நன்றாகக் குளிர்ந்து கேஸில் மட்டும் சுணங்கினால் அம்மோனியா, குழாய் எதிலும் கோளாறில்லை, சுடரில்தான் கோளாறு. எங்கள் ஃபிரிட்ஜ் வீட்டில் நன்றாகக் குளிர்ந்தது என்பதே பாதி பதில்.

"இருங்க, ஒரு ராத்திரி கரண்ட்ல போட்டுப் பார்த்துடலாம்" என்றேன்.

அதற்கு முன் சுலபமானதையெல்லாம் பார்த்துவிட்டோம். ஃபிரிட்ஜின் தரையில் ரசமட்டம் வைத்தோம். வண்டி மட்டமாகத்தான் நின்றது. சாய்ந்து நின்றால் குழாய்க்குள் திரவம் ஒரு மூலையில் தேங்கிவிடும், வெகுநேரம் அப்படியே ஓடினால் குழாய்த் தொகுதி உண்மையிலேயே பாழாகும். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டு அளவுக் காகிதத்தைச் சொருகி இழுத்தோம். நாலு பக்கமும் இறுக்கமாகவே வந்தது. அப்புறம் பேட்டரி. கேஸில் ஓடினாலும் அதன் கட்டுப்பாட்டு அட்டைக்கு 12 வோல்ட் வேண்டும். அதுவும் சரியாக இருந்தது. அடுப்பில் இரண்டு பர்னரைப் பற்றவைத்ததும் சுடர் நீலமாக, தளராமல் நின்றது. அதனால் சிலிண்டரிலும் ரெகுலேட்டரிலும் பெரிய குறை இருக்க வாய்ப்பில்லை. கேஸ் அழுத்தத்தைச் சரியாக அளக்க மனோமீட்டர் வேண்டும். 11 அங்குல நீர்மட்ட அழுத்தம் இருக்கவேண்டும். அந்தக் கருவி எங்களிடம் இல்லை.

மேதருக்குப் பக்கத்திலேயே டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாம் இருக்கிறது. அங்கே கரண்ட், தண்ணீர், கழிவுநீர் என்று எல்லா இணைப்பும் உண்டு. யாரோ ரத்து செய்த இடம் ஒன்று கிடைத்தது, மாறிக்கொண்டோம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்தேன். கதவைத் திறந்தால் காற்றின் சூடு சட்டென்று மாறும், தண்ணீரின் சூடு அப்படி மாறாது. இந்த ஃபிரிட்ஜ் மெதுவானது. ஒரு ராத்திரி முழுக்க விட்டால்தான் எதையும் முடிவு செய்யமுடியும். பொறுமையில்லாமல் மணிக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் சோதனையே கெட்டுவிடும்.

காலையில் 3 டிகிரி. கரண்டில் எந்தக் குறையும் இல்லை.

சிலிண்டர் வால்வை மூடி, ஃபிரிட்ஜை அணைத்து, எல்லாம் ஆறிய பிறகு வெளிப்பக்கத்தில் கீழே இருக்கும் காற்றுத் திறப்பின் தட்டியைக் கழற்றினோம். உள்ளே ஒரு தகரக் கவசம், ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் விரல் தடிமனில் பர்னர் குழாய், அதன் முதுகில் வரிசையாகக் கீறல்கள். பாதிக் கீறல்களின் மேல் பழுப்பு நிறச் செதில்கள் குவிந்திருந்தன. விரலால் தொட்டேன், மிளகாய்த்தூள்போல விரலில் ஒட்டிக்கொண்டது. துரு! பர்னருக்கு நேர் மேலே புகை போகும் குழாய் நிற்கிறது. அதன் உள்சுவரில் வருஷக்கணக்காகப் படிந்த துரு, மலைச்சாலையில் வண்டி குலுங்கக் குலுங்க உதிர்ந்து சுடர் வரும் வழியை அடைத்திருக்கிறது. கீறல் அடைத்தால் காற்றும் கேஸும் சரியாகக் கலக்காது. சுடர் குட்டையாகி மஞ்சளாகும், கரி படியும், அந்தக் கரி இன்னும் அடைக்கும். சூடு குறைந்தால் அம்மோனியா பிரிவதும் குறையும். பேனலுக்குச் சுடர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், எப்படி எரிகிறது என்பது தெரியாது. பச்சை விளக்கு எரிந்ததற்குக் காரணம் அதுதான்.

புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியில் முறுக்கிய தகடு தொங்கும். சூட்டைக் குழாயிலேயே கொஞ்சநேரம் பிடித்துவைப்பது அதன் வேலை. மேலிருந்து அதை வெளியே இழுத்து, நீண்ட பிரஷால் குழாயைத் தேய்த்தோம். என் வீட்டுக்காரர் மேலே, நான் கீழே காகிதம் பிடித்துக்கொண்டு. கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கவேண்டாம், துருத்தூள் நேராகக் கண்ணில் விழும். பர்னரைப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, காற்றடித்தோம். கேஸ் வரும் ஜெட்டின் ஓட்டையை மட்டும் ஊசியால் குத்தவே கூடாது. அதன் அளவு துல்லியமானது, மயிரிழை பெரிதானாலும் சுடர் கெட்டுவிடும். ஆல்கஹாலில் ஊறவைத்துத் தானாக உலரவிட்டோம். கேஸில் கலந்திருக்கும் வாசனைப் பொருளைத் தேடிச் சிலந்திகள் வந்து இந்த இடங்களில் வலை பின்னும் என்பார்கள். எங்களுடையதில் வலை இல்லை.

தகட்டை அதே உயரத்தில் தொங்கவிட்டு எல்லாவற்றையும் மாட்டினோம். பிரித்த இணைப்பில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தோம். இதைச் செய்யாமல் பற்றவைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இந்த வேலையில் அம்மோனியா வாடை அடித்தாலோ, பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அப்போது உண்மையாகவே குழாய் கசிகிறது, அதை நாமே சரிசெய்ய முடியாது.

இருட்டிய பிறகு கீழே குனிந்து பார்த்தோம். முன்பு ஆடிக்கொண்டிருந்த மஞ்சள் நாக்கு போய், கூர்மையான நீலச் சுடர், மெல்லிய உறுமலோடு. மறுநாள் காலையில் கேஸிலேயே 6 டிகிரி.

6 தான், 4 இல்லை. காரணம் உயரம். ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 1,100 அடி உயரத்தில் இருக்கிறது, தெற்கு விளிம்பு 7,000 அடி. காற்று மெலியும்போது சுடருக்கு ஆக்சிஜன் போதாது. 5,500 அடிக்கு மேல் கேஸில் குளிர்ச்சி குறையலாம், முடிந்தால் கரண்டில் போடுங்கள் என்று கையேடுகளிலேயே எழுதியிருக்கும். அதனால் மேதருக்கு வருகிறவர்கள் கிளம்பும் முன் கரண்டில் நன்றாகக் குளிரவைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்கள் இரண்டு மூன்றை உள்ளே அடுக்கிக்கொண்டு வருவது நல்லது. பாலும் இறைச்சியும் முதல் நாளே தீர்ந்துவிடும்படி சமையலைத் திட்டமிடுங்கள்.

அங்கிருந்து பேஜ் ஊருக்கு இறங்கினோம். உயரம் 4,300 அடிதான், அங்கே சுடர் இன்னும் தெம்பாக எரிந்தது. ஆனால் ஊரை ஒட்டிய பவல் ஏரிக் கரை வெயில் வேறு மாதிரி. பின்பக்கத் தகடுகளிலிருந்து சூடு வெளியேறவேண்டும் அல்லவா? மதியம் ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கம் வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தி, காற்றுத் திறப்புக்குள் 12 வோல்ட் குட்டி விசிறி ஒன்றை மேல்நோக்கி வைத்தோம். இரண்டும் சேர்ந்து 4 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டன.