17 அடித்தால் சீரகம்

கோயம்புத்தூரில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆன்போர்டிங் பிரிவில் இருக்கிறேன். அது என்ன வேலை என்று அத்தை கேட்டபோது, "வீட்டை விக்கிறது வேற ஆளுங்க, பால் காய்ச்சிக் குடி வைக்கிறது நாங்க" என்றேன். இன்றுவரை அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் மாதம் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. புது நிதியாண்டு, புது பில் நம்பர் வரிசை என்று எல்லோருக்கும் ஏப்ரல் 1 அன்றே தொடங்க வேண்டும். நான் சேர்ந்த மூன்றாவது மாதமே அப்படி ஒரு மார்ச். கையில் வந்தது ஈரோட்டில் ஒரு மொத்த மளிகைக் கடை.

முதல் காலில் பேசியதெல்லாம் முதலாளியின் மகன்தான். எது கேட்டாலும் "ஓகே மேடம்". பில் போடப் போகிறவர் அவரில்லை, முப்பது வருடமாக அங்கே இருக்கும் கணக்குப்பிள்ளை ஐயா என்பதை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

பழைய சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த பொருள் பட்டியல் எக்செல் ஃபைலாக வந்தது. சுமார் 1,400 வரி. ஏற்றிப் பார்த்தால் பாதிக்கு மேல் சிவப்பு. கடையின் விற்றுமுதல் ஐந்து கோடிக்கு மேல். அதனால் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவது, கட்டாயம். ஜிஎஸ்டிக்காகப் பொருளின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணும் ஆறு இலக்கம் இருக்க வேண்டும். அரிசி 1006, சர்க்கரை 1701 என்று தொடங்குவதால் பிழைத்துக்கொண்டன. மிளகு 0904, சீரகம் 0909, மஞ்சள் 0910, பருப்பு வகை 0713. எக்செல் இவற்றையெல்லாம் வெறும் எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் சுழியத்தை விழுங்கிவிடும். ஆறு இலக்கம் ஐந்தாகி நிற்கும். மளிகைக் கடையில் அந்தச் சுழியம் போனால் பாதிக் கடை போன மாதிரி.

அதைச் சரிசெய்தால் அடுத்தது எழுத்து. பொருள் பெயர்கள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்டில் அடித்தவை. எங்கள் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இறைந்து கிடந்தன. மாற்றித் தரும் கருவி பாதியைத்தான் ஒழுங்காக மாற்றியது. மீதியை நானே உட்கார்ந்து அடித்தேன். 'சிப்பம்' என்ற அளவை அரசு போர்ட்டலுக்குத் தெரியாது; அதை மூட்டைக் கணக்கில் சேர்த்து, எத்தனை கிலோ என்று தனியாகக் குறித்தேன். ஓரத்தில் 'ப.எண்' என்று ஒரு பத்தி இருந்தது. முக்கால்வாசி காலி, மீதியில் ஏதோ ஒன்று இரண்டு இலக்க எண்கள். குப்பை என்று நினைத்து அழித்துவிட்டேன்.

மார்ச் 28, ஒத்திகை பார்க்க நேரிலேயே போனேன். ஐயா வந்து உட்கார்ந்தார். இடது கையில் துண்டுச்சீட்டு, வலது கை கீபோர்டின் எண் பகுதியில். மவுஸை நகர்த்தி ஓரமாக வைத்துவிட்டார். 17 என்று அடித்து என்டரைத் தட்டினார். 'பொருள் இல்லை' என்று வந்தது. இன்னொரு முறை தட்டினார்.

"அம்மணி, 17 அடிச்சா சீரகம் வரோணும்."

"சீரகம்னு அடிச்சா வருங்கய்யா."

"நான் அதை அடிச்சு முடிக்கறதுக்குள்ள நாலு பேரு சீட்டைத் தூக்கிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. நான் குப்பை என்று அழித்தது அவருடைய விரல்களின் ஞாபகம்.

பழைய ஃபைலிலிருந்து அந்தப் பத்தியை எடுத்து ஒட்டலாம் என்றால், பெயர்களை எல்லாம் நான் மாற்றி அடித்திருந்தேன், எதுவும் எதோடும் பொருந்தவில்லை. வரிசையையும் கலைத்து வைத்திருந்தேன், என் கெட்டிக்காரத்தனம். கடைசியில் கடை சாத்தியபின் ஐயா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக ஏற்றினேன். "1 துவரை. 2 உளுந்து, உருட்டு. 3 உளுந்து, உடைச்சது." பேப்பர் எதையும் பார்க்கவில்லை. இடையில் ஓர் எண்ணைத் தாண்டினார். ஏன் என்று கேட்டேன். "அது ஒரு சோப்புங்க, இப்ப வர்றதில்ல. அந்த நம்பரை வேற எதுக்கும் குடுத்துராதீங்க, கை தப்பிப் போயிரும்." எழுபதைத் தாண்டும்போது பையன் இரண்டாவது டீ வாங்கி வந்தான். பில்லைச் சேமிக்க மவுஸ் தொட வேண்டியிருந்ததையும் சொல்லித் திட்டினார். அதற்கு டெவலப்பர் ஒருவரைக் கெஞ்சி ஒரு ஷார்ட்கட் கீ வாங்கினேன்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்: "பில்லு தலைப்புல பிள்ளையார் சுழி வருமுங்களா? நோட்டுல போடாம நான் கணக்கு ஆரம்பிச்சதில்லை."

டெம்ப்ளேட்டில் அப்படி ஒரு இடமே இல்லை. தலைப்புக்கு மேல் ஒரு வரி சேர்த்து 'உ' போட்டேன். ஏப்ரல் 1 காலை ஒன்பதரைக்குப் போன் வந்தது. அரைப் பக்க பில்லில் அந்த ஒரு வரியால் எல்லாம் கீழே இறங்கி, மொத்தத் தொகை மட்டும் இரண்டாவது தாளில் வருகிறதாம். சுழியை எடுத்துவிடலாமா என்று முதலாளியின் மகன் கேட்டார். பின்னாலிருந்து ஐயாவின் குரல் கேட்டது. நான் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' வரியின் எழுத்தைச் சின்னதாக்கினேன்.