காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு

காது கேட்காத பாப்பாவுக்கு, கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கும்போது இரண்டே கால் வயது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வந்ததும் பணக் கவலை தீர்ந்தது. ஆனால் வேறொரு பயம் தூங்கவிடவில்லை. நாளைக்குப் பத்து முறை விழுகிற பிள்ளை, உள்ளே வைப்பது நகர்ந்துவிட்டால்?

சர்ஜனிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். "உங்க காதுக்குப் பின்னாடி தொட்டுப் பாருங்கம்மா" என்றார். அந்த எலும்பைக் குடைந்துதான் நடுக்காதுக்கு வழி செய்கிறார்கள். பக்கத்திலேயே முக நரம்பு ஓடுவதால் அதைக் கண்காணிக்க ஒரு மெஷினும் உண்டு. கருவியின் தட்டையான பகுதி அந்த எலும்புக்குச் சற்று மேலே, தோலுக்கு அடியில் உட்காருகிறது. சிலர் மண்டையோட்டில் ஆழமில்லாத குழி எடுத்து, எலும்பில் துளையிட்டு நூலால் கட்டுவார்கள். குழந்தைகளுக்கு எலும்பு மெல்லியது, ஆழமாகப் போனால் மூளையின் உறை தட்டுப்பட்டுவிடும். அதனால் இவர் எலும்பை ஒட்டிய சவ்வுக்கு அடியில், கருவி நுழையும் அளவுக்கு மட்டும் இறுக்கமான பை போலச் செய்து, அதற்குள் செருகி மேலே தைத்துவிடுவாராம்.

உள்காதில் நத்தைக்கூடு போல இருக்கும் காக்ளியா பிறக்கும்போதே முழு அளவில் இருக்குமாம். மண்டை மட்டும்தான் வளரும். அதற்காக, கருவியிலிருந்து காக்ளியாவுக்குப் போகும் ஒயரைக் கொஞ்சம் சுருட்டித் தளர்வாக விடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மூளைக்காய்ச்சல் வராமலிருக்க நிமோகாக்கல் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டோம். நடுவில் சளி பிடித்து காதில் சீழ் வந்ததால் ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளினார்கள். அன்று கோபப்பட்டேன், அது தவறு. சீழ் இருக்கும் காதில் கருவி வைத்தால் கிருமி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கருவியையே எடுக்கவேண்டி வரலாம்.

ஆபரேஷன் முடிந்து இறுக்கக் கட்டு. உள்ளே ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் அது, பிள்ளை அழுதாலும் நாமாகத் தளர்த்தக் கூடாது. மூன்று வாரம் கழித்து, காந்தத்தால் தலையில் ஒட்டும் வெளிக்கருவியை மாட்டி ஸ்விட்ச் ஆன்.

இரண்டாவது மாதம், மே வெயிலில், காந்தம் ஒட்டும் இடம் சிவந்தது. அன்றே குரோம்பேட்டையிலிருந்து ரயிலேறினோம். காந்தம் அதிக இழுப்பாக இருந்ததால் தோல் நசுங்கியிருக்கிறது. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் இழுப்பு குறைந்த காந்தம் மாற்றிக் கொடுத்தார். தோல் ஆறும்வரை இரண்டு நாள் மாட்டவில்லை.

இப்போது தினமும் இரவில் கழற்றியதும் முடியை விலக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். டார்ச்சைக் கையில் எடுத்தாலே பாப்பா தலையைச் சாய்த்துக் கொடுக்கிறாள்.