ஹார்ட் டிஸ்க்கோடு பேக்கப்பும் போனது: பாட்டுத் தொகுப்பை மீட்டெடுத்த அனுபவம்

ஹார்ட் டிஸ்க் போனதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. தட்டு சுழல்கிறது, அதன் மேல் நானோமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு, தரவைப் படித்து எழுதும் ஹெட் பறக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் அது கெடத்தான் செய்யும். அதற்காகவே இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி, தினமும் தானாகவே நகல் எடுக்கும்படி வைத்திருந்தேன். அந்த நகலை அழித்தது எது என்றால், நகல் எடுக்கும் அந்த மென்பொருளேதான். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நடந்தது இது. முதல் டிஸ்க்கில் ஃபோல்டர் விவரங்கள் இருக்கும் பகுதியில் சில செக்டர்கள், அதாவது தரவு எழுதப்படும் சிறு சிறு கட்டங்கள், பழுதாகிவிட்டன. அதனால் கேசட்டிலிருந்து மாற்றிய பாட்டுகள் இருந்த பெரிய ஃபோல்டர் திடீரென்று காலியாகத் தெரிந்தது. ராத்திரி மென்பொருள் ஓடியபோது, "இங்கே ஃபைல் இல்லை, அப்படியானால் அழித்துவிட்டார்கள்" என்று முடிவுகட்டி, இரண்டாவது டிஸ்க்கிலும் அந்த ஃபோல்டரைத் துடைத்துவிட்டது. காலையில் பார்த்தால் பச்சை டிக் போட்டு "வெற்றிகரமாக முடிந்தது" என்று காட்டுகிறது. படிப்பதில் பிழை வந்த செய்தி எங்கோ மென்பொருளின் செயல்பாட்டுக் குறிப்பான லாக் ஃபைலின் நடுவில் ஒரே ஒரு வரி.

இது தவிர்க்க முடியாத கோளாறும் இல்லை. ஃபைல்களை நகலெடுக்க இலவசமாகக் கிடைக்கும் ஆர்சிங்க் நிரலில், மூல டிஸ்க்கைப் படிக்கும்போது பிழை வந்தால் மறுபக்கத்தில் அழிக்கும் வேலை தானாக நின்றுவிடும். நாம் வேண்டுமென்றே சொன்னால்தான் அழிக்கும். காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் அந்தக் காவல் இல்லை. உங்கள் பேக்கப் மென்பொருள் "மிரர்", "சிங்க்" என்ற பெயரில் ஓடினால், மூலத்தில் இல்லாததை அது என்ன செய்கிறது என்று இன்றே அதன் அமைப்பில் பாருங்கள்.

சிடியிலிருந்து எடுத்தவற்றுக்காக நான் கவலைப்படவில்லை. சிடிக்கள் அலமாரியில் இருக்கின்றன, மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கேசட் அப்படியில்லை. 60 நிமிட கேசட்டை மாற்ற 60 நிமிடம் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகு இரைச்சலைக் குறைத்து, பாட்டு பாட்டாக வெட்டிப் பெயர் போட வேண்டும். அவற்றில் பல, வானொலியில் ஒரே ஒரு முறை ஒலித்த நேரடி நிகழ்ச்சிகள். மூல நாடாக்களில் சில இப்போது ஓட்டினாலே அறுந்துவிடும் நிலையில் இருக்கின்றன.

விஷயம் புரிந்ததும் இரண்டு டிஸ்க்கின் இணைப்பையும் பிடுங்கிவிட்டேன். முதல் டிஸ்க்கை நிறுத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நிறுத்துவதும் அதே அளவு முக்கியம். சுழலும் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் பெரும்பாலும் அதன் பதிவேடு மட்டும்தான் போகும், உள்ளடக்கம் அந்த இடத்திலேயே கிடக்கும். அதன் மேல் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை மீட்க வாய்ப்பு உண்டு. சுழலும் தட்டே இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அழித்த இடத்தை ட்ரிம் கட்டளை எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அதுவும் பெரும்பாலும் சீக்கிரமே துடைத்துவிடும்.

அடுத்து ஒரு சர்வீஸ் கடை. அங்கிருந்தவர் டிஸ்க்கைக் கணினியில் செருகியதும் "பழுது பார்க்கவா?" என்று திரையில் கேட்டது. அவர் கை மவுஸுக்குப் போய்விட்டது.

"வேண்டாங்க, அதைத் தொடாதீங்க!"

"ஒண்ணும் ஆகாது சார். செக்டிஸ்க் ஓட்டினா சரியாயிடும். ஆகலைன்னா ஃபார்மட் பண்ணித் தர்றேன், புதுசு மாதிரி ஓடும்."

"உள்ளே இருக்கிறதுதான் சார் எனக்கு வேணும். டிஸ்க் ஓடணும்னு வரலை."

அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. செக்டிஸ்க் என்பது விண்டோஸின் பழுதுபார்க்கும் நிரல், ஃபைல் அமைப்பைச் சீராக்குவதற்காக டிஸ்க்கிலேயே எழுதும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எழுதினால், மிச்சமிருக்கும் ஃபோல்டர் விவரமும் சிதறி, பெயரில்லாத துண்டுகளாகிவிடும். நல்ல டிஸ்க்குக்கான மருந்து அது. டிஸ்க்கை அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்ததைத்தான் இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த நல்ல காரியமாக நினைக்கிறேன். ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், படிந்தால் தட்டின் மேற்பரப்பே பாழ்.

வாரண்டி இன்னொரு தலைவலி. டிஸ்க்கை மாற்றித் தருவார்கள், ஆனால் பழையதை ஒப்படைக்க வேண்டும், உள்ளே இருப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை. வெளி உறையைப் பிரித்திருந்தால் வாரண்டியே கிடையாது என்றார் வாரண்டி மையத்தின் மேசையில் இருந்தவர். எனக்கோ உறையைப் பிரித்தாக வேண்டும். யுஎஸ்பி இணைப்புச் சில்லு, படிக்க முடியாத செக்டர் வரும்போதெல்லாம் திணறி டிஸ்க்கையே துண்டித்துவிடுகிறது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை, கணினிக்குள் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக இணைத்தால் இந்தத் தொல்லை குறையும். வாரண்டி போகட்டும் என்று பிரித்துவிட்டேன்.

நீங்கள் பிரிப்பதற்கு முன் இரண்டு விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள். சில சிறிய எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் சாட்டா இணைப்பே இருக்காது, யுஎஸ்பி துளை டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் உறையில் உள்ள சில்லு எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே எழுதும். டிஸ்க்கை மட்டும் தனியே எடுத்தால் வெறும் குப்பைதான் தெரியும். சாதாரண உறையாக இருந்ததால் நான் தப்பித்தேன்.

டேட்டா மீட்டுத் தரும் நிறுவனம் ஒன்றிடமும் பேசினேன். "என்னைக் கேட்காமல் டிஸ்க்கைத் திறக்க மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள்" என்றதற்கு மழுப்பினார்கள். மீட்டதற்குச் சான்றாக ஃபைல் பெயர்ப் பட்டியல் அனுப்புவோம் என்றார்கள். பெயர் இருப்பதால் உள்ளே பாட்டு இருக்கிறது என்று ஆகாது. நாமே தேர்ந்தெடுக்கும் சில ஃபைல்களை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு இடம் பாருங்கள். அதற்காக எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. டிஸ்க் விடாமல் க்ளிக் க்ளிக் என்று தட்டுகிறது, கணினிக்கு அடையாளமே தெரியவில்லை என்றால் ஹெட் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். கேபிளும் மின்சாரமும் சரிதானா என்று மட்டும் பாருங்கள், போதிய மின்சாரம் வராத யுஎஸ்பி ஹப்பிலும் இதே சத்தம் வரும். அதற்குமேல் அது தூசியில்லாத சுத்த அறை வைத்திருப்பவர்களின் வேலை, ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுப்பதும் சேதம்தான். என்னுடையது அந்த நிலையில் இல்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 என்ற எண்ணிட்ட இரண்டு கணக்குகளும் ஏறிக்கொண்டிருந்தன. 5 என்பது மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். ஹெட் ஆரோக்கியம், தட்டில்தான் புண் என்று எடுத்துக்கொண்டேன்.

லினக்ஸை பென்டிரைவில் இருந்து ஏற்றி, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் குனு டிடிரெஸ்க்யூ நிரலில் வேலையைத் தொடங்கினேன். வழக்கமாகக் காப்பி செய்தால் கணினி கெட்ட செக்டரில் முட்டி முட்டி நிற்கும், அதற்குள் டிஸ்க் செத்துவிடும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். விட்டுப்போன ஓட்டைகளுக்குப் பிறகு திரும்பி வரும். எது படிக்கப்பட்டது, எது பாக்கி என்பதை மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். அந்த மேப் ஃபைல் கட்டாயம் வேண்டும், வேறொரு நல்ல டிஸ்க்கில் இருக்க வேண்டும். அது இருந்தால் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நகல் போய்ச் சேரும் இடத்தில் பழைய டிஸ்க்கின் முழு அளவுக்கு இடம் தேவை, பாட்டு பாதி டிஸ்க்தானே என்ற கணக்கு செல்லாது. டிஸ்க் சூடேறியது, ஒரு மின்விசிறியை நேராகத் திருப்பி வைத்தேன். லினக்ஸ் தானாக டிஸ்க்கைத் திறக்கும் வசதியை முன்பே நிறுத்திவிடுங்கள்.

பெரும்பகுதி வந்துவிட்டது. பாக்கியை மூன்று முறை மறுபடி முயலச் சொன்னதில் இன்னும் கொஞ்சம் வந்தது. இப்படி எடுத்த டிஸ்க்கின் முழு நகலான பிம்பத்திலிருந்து, தொலைந்த ஃபைல்களைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் நிரல் அந்தக் 'காலி' ஃபோல்டரையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. பெயர்கள் அப்படியே இருந்தன. ஆனால் எந்த ஃபைலில் ஓட்டை என்று எப்படித் தெரியும்? இதற்கு டிடிரெஸ்க்யூவிலேயே அழகான வழி இருக்கிறது. படிக்க முடியாத இடங்களை நாம் கொடுக்கும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு அந்தச் சொல் எந்தெந்த ஃபைலுக்குள் இருக்கிறது என்று தேடினால் பழுதான ஃபைல்களின் பட்டியல் கையில் வந்துவிடும்.

ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பது வடிவத்தைப் பொறுத்தது. 4096 பைட் செக்டர் ஒன்று போனால், 128 கேபிபிஎஸ் எம்பி3யில் கால் வினாடி போய்விடும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்தில், சிடி தரத்தில், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஃபிரேம், அதாவது ஒலித் துண்டு, போகும். ஒரு ஃபிரேமில் வழக்கமாக 4096 மாதிரிகள், அதாவது பத்தில் ஒரு வினாடிக்கும் சற்றுக் குறைவு. ஃப்ளாக்கின் பெரிய நன்மை வேறு. ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 கையொப்பம், உள்ளடக்கம் மாறினால் மாறிவிடும் ஓர் எண், ஃபைலின் தலைப்பகுதியிலேயே இருக்கும். சோதிக்கச் சொன்னால் பழுதானதைக் காட்டிக்கொடுத்துவிடும். எம்பி3யில் அப்படி முழு ஃபைலுக்குமான கையொப்பம் கிடையாது, காதால் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

அந்தக் கையொப்பம்தான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது. இரண்டாவது டிஸ்க்கில் ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலை ஓட்டினேன். அது ஃபைல்களை வடிவ அடையாளத்தை வைத்துத் தோண்டி எடுக்கும், பெயரும் ஃபோல்டரும் வராது. எண்ணிட்ட ஃபைல்கள் மலை போல் குவிந்தன. ஃபைலுக்குள்ளேயே பாட்டின் விவரம் எழுதும் டேக் போட்டிருந்தவை உடனே அடையாளம் தெரிந்தன. வெளியான ஆல்பங்களை மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் என்ற நிரல், கைரேகை போன்ற ஒலி ரேகையை வைத்துக் கண்டுபிடித்தது. என் கேசட் பதிவுகள் உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவற்றில் பாதிக்கு டேக்கும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. முதல் டிஸ்க்கில் பெயர் இருக்கிறது, நடுவில் ஓட்டை. இரண்டாவதில் முழுப் பாட்டு இருக்கிறது, பெயர் இல்லை. இரண்டின் தலைப்பகுதியிலும் ஒரே எம்டி5! இரு பக்கத்துக் கையொப்பங்களையும் பட்டியலெடுத்துப் பொருத்தினேன். வரிசையாகப் பெயர்கள் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகும் ஒரு சிக்கல். பட்டியல்களை ஒப்பிட்டபோது, கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்த சில தமிழ்ப் பெயர்கள் "வேறு வேறு" என்று வந்தன. எல்லாமே கொ, கோ, கௌ வரிசை எழுத்து உள்ள பெயர்கள். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக் கணினியின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். எப்போதோ மேக் வழியாக வந்த ஃபைல்கள் இவை. தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள், ஒரே பாட்டு இரண்டு இரண்டாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். ஆர்சிங்க்கில் எழுத்துமுறை மாற்றும் வசதி ஒன்று இருக்கிறது, சரியாகிவிடும்.

இப்போதைய ஏற்பாடு, புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 முறை: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். எல்லோரும் சொல்வதுதான். நான் அழுத்திச் சொல்வது, அவற்றில் ஒன்றாவது பழைய நிலைகளை வைத்திருக்கும் பேக்கப்பாக இருக்க வேண்டும் என்பது. போர்க், ரெஸ்டிக் போன்றவை அப்படிப்பட்டவை. நேற்று அழிந்த ஃபோல்டர் போன மாதத்து நிலையில் அப்படியே கிடைக்கும். பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு இதற்கு மாற்றாகாது, அழிவதையும் அது எல்லா டிஸ்க்கிலும் உடனுக்குடன் அழிக்கும். இன்னொரு டிஸ்க் உறவினர் வீட்டில், இணைப்பில்லாமல் இருக்கிறது. எல்லா ஃபைல்களுக்கும், எம்டி5 போன்ற இன்னொரு கையொப்பமான எஸ்எச்ஏ-256 பட்டியல் ஒன்று வைத்து, பேக்கப் எடுக்கும் முன் அதோடு சரிபார்க்கிறேன். பிளேலிஸ்ட்டுகளில் டிரைவ் எழுத்தோடு முழுப் பாதை இருந்ததால் எல்லாம் உடைந்திருந்தன, பிளேலிஸ்ட் இருக்கும் இடத்திலிருந்தே தொடங்கும் சார்புப் பாதைக்கு மாற்றிவிட்டேன். பாட்டுகளுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும், எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் பல பிளேயர்களில் அதன் தரவுத்தளத்தில்தான் இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள்.

இணையத்தில் ஏற்றிவிட்டேன், போதும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. சர்வர் மாற்றத்தின்போது பழைய பாட்டுகள் போய்விட்டன என்று சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது 2019இல். அதில் பிரதியே வைத்துக்கொள்ளாத கலைஞர்கள் இருந்தார்கள். நம் ஃபைலை "ஒத்துப்பார்த்து" அவர்களுடைய ஃபைலைத் திருப்பித் தரும் சேவைகளும் பேக்கப் ஆகாது. நேரடி நிகழ்ச்சிப் பதிவைக் கொடுத்து ஸ்டுடியோப் பதிவைத் திரும்ப வாங்கியவன் நான்.

இரு பக்கமும் பழுதான சில பதிவுகள் இருந்தன. அவற்றில் கொஞ்சம் முன்பு ஒரு நண்பருக்கு அனுப்பியிருந்தேன், அவர் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்தார். மீதியில் ஓட்டை விழுந்த இடங்களை ஒட்டி மறைக்கவில்லை. எந்த நிமிடம், எந்த வினாடி என்று டேக்கின் குறிப்புப் பகுதியில் எழுதிவைத்திருக்கிறேன். அதே ஒலிபரப்பைப் பதிந்தவர் வேறு யாராவது கிடைத்தால் அந்தத் துண்டை மட்டும் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.