சோன் பின்னால் போன ஏழு மாதம்

மே 22, 2025, வியாழன்

விடியற்காலை மூன்று மணி. இனி தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன். பில்பாவோவில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கால்பந்து இறுதிப் போட்டி, லண்டன் அணி டாட்டன்ஹாம் 1, மான்செஸ்டர் யுனைடெட் 0. ஆட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, முட்டுச்சந்தில் நடந்த தள்ளுமுள்ளு மாதிரிதான். 42-வது நிமிடத்தில் பிரென்னன் ஜான்சன் கால் வைத்த பந்து யார் மேல் பட்டது என்றே தெரியாமல் உருண்டு உள்ளே போனது. டாட்டன்ஹாமின் கொரிய ஃபார்வர்டு சோன் ஹியுங்-மின் பெஞ்சில் இருந்தான் (என்னைவிடச் சின்னவன், அதனால் இங்கே அவன் இவன்தான்). பாதத்தில் பட்ட அடியால் ஏப்ரலில் பல ஆட்டங்கள் போயின. 67-வது நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். வந்தவன் எதிரணி கோல் பக்கம் போனதைவிடத் தன் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பாக்ஸுக்குப் பக்கத்தில் நின்று பந்தைத் துரத்தியதுதான் அதிகம். பத்து வருடம் கோலாகக் குவித்தபோது வராத கோப்பை இப்படி வந்து சேர்ந்தது, அதுவும் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 17-வது இடத்தில் கிடக்கிற வருடத்தில். டாட்டன்ஹாமுக்கு 2008-க்குப் பிறகு இதுதான் முதல் கோப்பை. கேப்டன் என்பதால் தூக்கியது அவன்தான், இடுப்பில் கொரியக் கொடி. அழுதான். சரி, நானும்தான்.

ஜூலை 9, புதன்

நேற்று அவனுக்கு 33 முடிந்தது. ஃபார்வர்டுக்கு அது நல்ல வயதில்லை, அதிலும் ஓட்டத்தை நம்பிப் பிழைத்தவனுக்கு. 2019 டிசம்பரில் பர்ன்லிக்கு எதிராகத் தன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி மைதானம் முழுக்கத் தனியாக ஓடி அடித்தானே, வருடத்தின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது வாங்கிய கோல், அந்த ஓட்டம் இப்போது இல்லை. இந்த சீசனில் டிஃபெண்டர்கள் அவனைப் பின்னால் வந்து பிடித்துவிடுகிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருந்தது.

ஆனால் கால் இருக்கிறது. அதாவது, இரண்டு காலும். கொரியாவின் சுஞ்சான் ஊரில் அப்பா சோன் உங்-ஜுங் போட்ட அஸ்திவாரம் அது. அவரும் ஆட்டக்காரர்தான், காயத்தால் 28 வயதிலேயே நின்றுபோனவர். அண்ணன் தம்பி சண்டை போட்டால் நான்கு மணி நேரம் பந்தைக் கீழே விடாமல் தட்ட வேண்டும், அதுதான் தண்டனை. மூன்று மணி நேரம் தாண்டியதும் ஒரு பந்து மூன்றாகத் தெரிந்ததாம், அவனே சொல்லியிருக்கிறான். எனக்கு இந்த மாதிரி அப்பாக்களைப் பிடிக்காது. ஆனால் பாக்ஸின் இடது மூலையில் பந்தை ஒரு தட்டு உள்ளே தட்டி, இடுப்பைத் திருப்பி, வலது காலின் உள்பக்கத்தால் தூரத்துப் போஸ்டுக்கு வளைத்து விடுவானே, அதே கோலை வலது மூலையிலிருந்து இடது காலாலும் அடிப்பான். அதைப் பார்க்கும்போது மட்டும் அந்த மனிதரைத் திட்ட வாய் வருவதில்லை.

16 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் கிளப். 2010 அக்டோபர் 30, கொலோன் ஊரில் முதல் புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) கோல்: கோல்கீப்பர் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, சுற்றிப் போய் அடித்தான். 2013-இல் லெவர்குசென். 2015-இல் 2.2 கோடி பவுண்டுக்கு டாட்டன்ஹாம். முதல் வருடம் பெஞ்சே கதி என்றாகி, ஜெர்மனிக்கே போய்விடுகிறேன் என்று அப்போதைய பயிற்சியாளர் பொச்செட்டினோவிடம் கேட்டவன். போயிருந்தால் 2021-22-இல் லிவர்பூலின் சலாவோடு பகிர்ந்துகொண்ட கோல்டன் பூட், அதாவது லீக்கில் அதிக கோல் அடித்தவனுக்கான விருது, ஏது? 23 கோல், ஒன்றுகூடப் பெனால்டி இல்லை. எங்கே கால்பந்துப் பேச்சு வந்தாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று சியோலில் பத்திரிகையாளர்களிடம் டாட்டன்ஹாமை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். இன்று அதே ஊரில் நியூகாசிலோடு நட்பு ஆட்டம், 1-1. 65-வது நிமிடத்தில் வெளியே எடுத்தபோது இரண்டு அணியும் வரிசையாக நின்று கை தட்டியது. டாட்டன்ஹாமுக்கு 454 ஆட்டம், 173 கோல். மேலே எழுத இன்று மனசு இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அவன் போய்ச் சேர்ந்த அமெரிக்க அணி லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சி. அதன் ஆட்டங்கள் எனக்குக் காலையில் வருகின்றன. ராக்கோழியாக இருந்தவன் காபியோடு கால்பந்து பார்க்கிறேன், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டல்லாஸுக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில் ஃப்ரீ கிக், நேரே மேல் மூலை, அமெரிக்காவில் முதல் கோல். அங்கே போனால் ஓய்வூதியம் வாங்கப் போகிறார்கள் என்று கிண்டல் செய்த கூட்டத்தில் நானும் ஒருத்தன், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இங்கே நடு ஃபார்வர்டாக ஆடுகிறான். முழு மைதானமும் ஓட வேண்டாம், பத்து கெஜம் ஓடினால் போதும்.

நவம்பர் 23, ஞாயிறு

வான்கூவரில் அந்த ஊர் அணியோடு பிளே-ஆஃப், தோற்றால் வெளியே. பாதி ஆட்டத்தில் 0-2. 60-வது நிமிடத்தில் கோல் வாயில் நடந்த களேபரத்தில் ஒன்றைத் தள்ளினான். அப்புறம் 90 நிமிடம் முடிந்து இஞ்சுரி டைமின் ஐந்தாவது நிமிடம், பாக்ஸுக்கு வெளியே ஃப்ரீ கிக். வலது கால். பந்து போஸ்டில் பட்டு உள்ளே. சோஃபாவிலிருந்து நான் எழுந்த வேகத்தில் காபி டம்ளர் கவிழ்ந்து, இன்னும் தரையில் கறை இருக்கிறது. எக்ஸ்ட்ரா டைமில் வான்கூவர் ஒன்பது பேராகிவிட்டது, அப்படியும் ஜெயிக்க முடியவில்லை. பெனால்டி ஷூட் அவுட்டில் முதல் ஆளாகப் போனான். மறுபடியும் போஸ்ட், இந்தத் தடவை வெளியே வந்துவிட்டது. 4-3 என்று வான்கூவர் ஜெயித்தது. எதிரணியில் பேயர்ன் மியூனிக்கில் கோப்பைகளாகக் குவித்த தாமஸ் முல்லர், அந்த ஆளுக்கு ஜெயிப்பது பழக்கதோஷம்.

டிசம்பர் 10, புதன்

ராத்திரி ஒன்றரை மணிக்கு மறுபடியும் டாட்டன்ஹாம் போட்டேன், பழைய கெட்ட பழக்கம். ஸ்லாவியா பிராக் ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்களிடம் விடைபெற அவன் வந்தான். மைதானத்துப் பக்கத்து ஹை ரோடு தெருச் சுவரில் அவனை வரைந்து வைத்திருக்கிறார்கள், கோல் அடித்ததும் இரண்டு கையாலும் கேமரா பிடிக்கும் அந்தச் சைகையோடு. மைதானத்தில் மைக்கை வாங்கி, என்னை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன் என்றான், குரல் தழுதழுத்தது.

ஆட்டம் டாட்டன்ஹாமுக்கு 3-0. அதில் இரண்டு பெனால்டி, ஒன்று எதிரணியே போட்டுக்கொண்டது.