சீவிய உரித்து உள்ள வீடும் வங்கிக் கடனும்: கல்லடியில் வீடு வாங்கிய அனுபவம்

மட்டக்களப்பு நகரின் கல்லடியில் வீடொன்றை வங்கிக் கடனில் வாங்க நானும் மனைவியும் தீர்மானித்தபோது, இருவருமே அரச உத்தியோகத்தர்கள் என்பதால் சம்பள விபரத்தைக் கொடுத்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்றே உறவினர்கள் கூறினார்கள். சம்பளம் தொடர்பான பகுதி உண்மையில் விரைவாகவே முடிந்தது. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வங்கி தானே பெற்றுக்கொண்டது. அதில் நாம் எடுத்த கடன்கள் மட்டுமன்றிப் பிறருக்குப் பிணை நின்ற கடன்களும் இடம்பெறும் என்பதை விண்ணப்பிக்க முன்னரே அறிந்திருப்பது நல்லது. காலத்தை எடுத்தது காணி உறுதிதான். வாங்குபவரைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்கும் வங்கி, காணியைப் பற்றி முப்பது வருடப் பதிவுகளை வாசிக்கிறது.

எங்களுக்கு வீட்டை விற்றவர் அதைத் திருமணத்தின்போது தாயிடமிருந்து சீதனமாகப் பெற்றவர். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழமை. பெற்றோர் நன்கொடை உறுதி எழுதும்போது, தாம் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தமக்கே ஒதுக்கி வைப்பதும் அதேயளவு வழமை. குடும்பத்துக்குள் இது நியாயமான ஏற்பாடு என்றாலும், வங்கியின் சட்டத்தரணிக்கு இதில் இரண்டு தடைகள் தெரிந்தன. சீவிய உரித்து நிலைத்திருக்கும்வரை வங்கிக்குக் கிடைக்கும் ஈடு முழுமையற்றது. அத்துடன், மீளப்பெற முடியாதது என்று எழுதப்பட்ட நன்கொடையைக்கூட, பெற்றவரின் பெரும் நன்றிகேட்டைக் காரணம் காட்டி நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்விக்க இடமுண்டு. இதற்கென 2017இல் தனிச் சட்டமே நிறைவேற்றப்பட்டது. விற்பவரின் தாயும் விற்பனை உறுதியில் ஒரு தரப்பாக இணைந்து, தமது உரித்தைக் கைவிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்பதே தீர்வாக இருந்தது. ஆரையம்பதியில் மகனுடன் வசித்த அந்த அம்மா, நொத்தாரிசு உறுதியை முழுமையாக வாசித்துக் காட்டும்வரை பேனையைத் தொடவில்லை. அன்று அங்கிருந்தவர்களுள் மிகவும் சரியாக நடந்துகொண்டவர் அவர்தான் என்பேன்.

இதற்கு முன்னர் மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் இதைவிடக் குறைந்த விலையில் ஒரு வீட்டைப் பார்த்திருந்தோம். அதற்கு இருந்தது அரச காணி அனுமதிப்பத்திரம் மட்டுமே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அத்தகைய காணியைத் தனியார் உறுதிக் காணியைப் போல விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. எதற்கும் பிரதேச செயலகத்தின் வழியாகவே செல்ல வேண்டும். விலை மலிவாக இருந்ததன் காரணமும் அதுவே.

உறுதி தெளிவான பின்னர் மதிப்பீட்டாளர் வந்தார். அவர் சந்தைப் பெறுமதி, அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடிய கட்டாய விற்பனைப் பெறுமதி என இரண்டு தொகைகளைத் தம் அறிக்கையில் குறிப்பிடுவார். கடன் தொகை கணிக்கப்படுவது இந்த அறிக்கையிலிருந்தேயன்றி நாம் பேசி முடித்த விலையிலிருந்து அல்ல. ஆகவே விலைக்கும் கடனுக்கும் இடையிலான வித்தியாசத்தை நம் கையிலிருந்துதான் போட வேண்டும். அதற்கு மேல் முத்திரைத் தீர்வை உண்டு: முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் என்பதால், ஒரு கோடி ரூபாய் பெறுமதியான வீட்டுக்கு 3,99,000 ரூபாய் ஆகும். சட்டத்தரணிக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், கடன் பெறுபவர் இறந்தால் மீதியைத் தீர்க்கும் காப்புறுதியின் தவணைப் பணம் ஆகியவை வேறு. முற்பணம் கொடுத்து விற்பனை உடன்படிக்கை எழுதும் முன்னர் இவற்றையெல்லாம் கூட்டிப் பார்ப்பது அவசியம். கடன் மறுக்கப்பட்டால் முற்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகத்தை நாங்கள் கேட்டு எழுதுவித்தோம்.

வட்டி குறித்து வங்கி உத்தியோகத்தர் பொறுமையாகவே விளக்கினார். முதற்சில வருடங்களுக்கு நிலையானதாகவும் அதன் பின்னர் சந்தை வீதத்தைத் தொடர்ந்து மாறுவதாகவும் இருந்த திட்டமே எங்களுக்குக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதை நினைவில் வைத்திருந்ததால், இன்றைய தவணையை மட்டுமன்றி, வட்டி அவ்வாறு ஏறினால் தவணை எவ்வளவாகும் என்பதையும் கணக்கிட்டுத் தரும்படி கேட்டோம். அந்தத் தொகையைப் பார்த்த பின்னரே கடனைச் சற்றுக் குறைத்து, மனைவியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

கையொப்பமிடும் நாளில் விற்பனை உறுதியும் அதைத் தொடர்ந்து ஈட்டு உறுதியும் நிறைவேற்றப்பட்டன. வங்கியின் காசோலை எங்கள் கைக்கு வராமல் நேரே விற்பவரிடம் சென்றது. சட்டத்தரணி தாமதிக்காமல் இரண்டையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பினார். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் போட்டியிட்டால், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் பதியப்பட்டதற்கே பொதுவாக முன்னுரிமை கிடைக்கும் என்பதே அந்த அவசரத்தின் காரணம்.

மூல உறுதி இப்போது வங்கியில் இருக்கிறது. சான்றுப்படுத்திய பிரதியொன்றைப் பெற்று வைத்திருக்கிறோம். மாநகர சபையின் சோலைவரிப் பதிவேட்டில் பெயர் மாறுவதற்கு உறுதி பதியப்பட்டது மட்டும் போதாது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கும் இந்தப் பிரதிதான் பயன்பட்டது.